பெகாயிம் கையால் நிறுவியது

நாரின் என்ற மலையூர் ஆஸ்பத்திரியின் பன்னிரண்டு கணினிகளுக்கும் பெகாயிம்தான் டாக்டர். ஏழு வருடத்துக்கு முன் அங்கே இணையம் ஆமை வேகம். அந்தக் கணினிகளை இயக்கும் லினக்ஸ் தன் இணையக் களஞ்சியத்திலிருந்து தானே மென்பொருளை இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதெல்லாம் பேச்சோடு சரி. அதனால் ரத்தப் பரிசோதனை மென்பொருளின் மூல நிரலைப் பென்டிரைவில் கொண்டுவந்து, தன் கையாலேயே கட்டி நிறுவினாள். ஊரே மெச்சியது. பாவி மகள், எதை எங்கே வைத்தோம் என்று ஒரு வரி எழுதிவைத்தாளா? கணினிக்கும் அப்படியொன்று இருப்பது தெரியாது. வழக்கமான அப்டேட் கொடுத்தால், அந்த மென்பொருள் நம்பியிருக்கும் பழைய கோப்புகள் மாறிப்போகும். பரிசோதனை படுத்துவிடும்.

கணவனும் நான்கு வயது மகளும் தொலைவில், ஓஷ் நகரத்தில். மூன்று முறை ராஜினாமா கொடுத்தாள். "ஆளைக் காட்டிட்டுப் போம்மா" என்பார் தலைமை டாக்டர் ஷார்ஷென். கடைசியில் தைலாக் கிடைத்தார், வாத்தியார் வேலையை விட்டு வந்தவர். ஒரு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

கிளம்பும் நாள். ஓஷ் டாக்ஸி வாசலில் நின்றது. பயணம் போகிறவர் ஒரு வாய் கடித்த ரொட்டியை அவர் திரும்பும்வரை பத்திரப்படுத்துவது அந்த ஊர் வழக்கமல்லவா? நர்ஸ் சைரா ரொட்டியை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

"கடிச்சுத் தொலைக்காதடி! அப்புறம் திரும்பி வந்து நிப்பே!"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தைலாக் வெளிறிப்போய் வந்தார்.

"தங்கச்சி, அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

"ஐயோ அண்ணே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

பிரசவ வார்டில் ஒருத்திக்கு ரத்தப்போக்கு. பரிசோதனை முடிவு உடனே வேண்டும்.

"எல்லாத்தையும் துடைச்சுட்டு, களஞ்சியத்துலேருந்து முறையா போட்டா யாரு வேணா பாத்துக்கலாம். நாலு நாள் ஆகும்" என்றாள் பெகாயிம்.

"நாலு நாளா? அந்தப் பொண்ணுக்கு நாலு மணி நேரம் இல்லம்மா" என்றார் ஓடிவந்த ஷார்ஷென்.

உட்கார்ந்தாள். பழையபடி கையாலேயே ஒட்டுப் போட்டாள். ஐம்பது நிமிடத்தில் முடிவு வந்தது. அந்தப் பெண் பிழைத்தாள்.

"இப்பவாவது லேபை நாலு நாள் மூடுங்க, முறையா போட்டுடறேன்."

"அதான் ஓடுதே, ஓடுறதை எதுக்குக் கலைக்கணும்? நீதான் இருக்கியே!" ஷார்ஷென் பாராட்டாகத்தான் சொன்னார்.

தைலாக் கணினி அறைச் சாவியை மேசையில் வைத்தார். "உசுரோட விளையாடுற வேலை எனக்கு வேண்டாம் தங்கச்சி."

டாக்ஸி போய்விட்டிருந்தது. கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, எதுவரைக்கும் வந்துட்டே?"

"இங்கதாண்டி கண்ணு இருக்கேன்."