பன்னிரண்டாயிரம் பேர் கேட்ட கணினி

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கோரிக்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கணினி செய்து விற்கும் அந்த நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், மின்தூக்கிக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு மேசை போட்டு அவரை உட்கார வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் எழுதுவதையெல்லாம் படித்து, வகை பிரித்து, மாதம் ஒருமுறை மேலே அனுப்புவது அவர் வேலை. மேலே போனதை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பத்தொன்பது வருடத்தில் ஒரு மாதம்கூடத் தாமதமாக அனுப்பியதில்லை. அப்படி எரிச்சலூட்டும் ஒழுங்கு.

விசை ஒட்டிக்கொள்கிறது, விசிறி இரைகிறது, மூடியில் கீறல் விழுகிறது என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். நடுவில் ஒரே ஒரு கோரிக்கை மட்டும் வருடக்கணக்காக விடாமல் வந்துகொண்டிருந்தது: புதுக் கணினியிலேயே லினக்ஸ் ஏற்றிக் கொடுங்கள். லினக்ஸ் கணினியை இயக்கும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் கடைக்கு வரும் கணினியில் வேறொன்றுதான் ஏறி வரும். அதை அழித்துவிட்டு லினக்ஸ் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்வார்கள். தெரியாதவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள்.

கோரிக்கையும் தெரிந்தவர் கூட்டம்தான். பழைய கணினிகளைப் பிரித்து, நல்ல உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிய பெட்டி ஒன்று வீட்டில் ஒன்பது வருடமாக ஓடியது. அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், மனைவி அடுப்பை அணைக்க எழுந்து போய்விடுவார், அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஒருநாள் நிறுவனம் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தது. உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்றது. மூன்றே வாரத்தில் பன்னிரண்டாயிரம் பேர் லினக்ஸ் கணினி வேண்டும் என்று வாக்களித்தார்கள். அதில் ஒரு வாக்கு கோரிக்கையுடையது. அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாளை மேலே அனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனார்.

விற்பனை மேலாளர் ஒரு பெண்மணி. தாளை முழுதாகப் படித்தார். அதுவே கோரிக்கைக்குப் பெரிய விஷயம்.

"ஓட்டுப் போடறது வேற, வாங்கறது வேற சார்."

"வாங்குவாங்க மேடம். இவங்களை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமா படிக்கறேன்."

"உங்க பேச்சை நம்பி இறங்கலாமா?"

"தாராளமா இறங்கலாம் மேடம்."

இப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆறு மாதத்தில் மூவாயிரம் கணினி விற்க வேண்டும். விற்றால் அந்த மாடல் நிரந்தரம். விற்காவிட்டால் மாடலும் கிடையாது, மேசையும் கிடையாது. கடிதம் எழுதுகிறவர்களை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் அதைப் படிக்க ஓர் ஆள் எதற்கு? கோரிக்கை கிடங்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. மனைவி கணக்கு ஆசிரியை. மாலையில் இணையத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். பாதிப் பாடத்தில் அந்த ஒன்பது வயதுப் பெட்டி உறைந்துபோய் நிற்கும்.

"அப்போ நாமளும் ஒண்ணு வாங்கிடலாங்க. உங்க பெட்டியோட என்னால மல்லுக்கட்ட முடியல" என்றார்.

"நமக்கு எதுக்கு? நம்ம பெட்டியிலயும் அதே லினக்ஸ்தானே ஓடுது. அந்த மாடல் போடத் தெரியாதவங்களுக்காக வர்றது."

மனைவி அடுப்பை அணைக்கப் போய்விட்டார்.

முதல் மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு விற்றது. போகப் போகச் சூடு பிடிக்கும் என்றார் கோரிக்கை. இரண்டாம் மாதம் நூற்று முப்பது. வாக்களித்த பக்கத்திலோ ஒரே கொண்டாட்டம். வந்துவிட்டது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். கல்யாணத்துக்கு வாழ்த்து மட்டும் அனுப்பிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொள்கிற சொந்தக்காரர்கள் மாதிரி. கொண்டாடி முடித்தவர்கள் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். நினைவகம் போதாது. நான் கேட்டது லினக்ஸின் இந்தப் பதிப்பு இல்லை. மூடி பளபளக்கிறது. மூடி பளபளத்தால் லினக்ஸ் ஓடாதா என்று அவர்களிடம் கேட்க ஓர் ஆள் இல்லை.

நான்காம் மாதம் கோரிக்கைக்குப் பொறுக்கவில்லை. தொலைபேசியை எடுத்தார். முதலில் அழைத்தது ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரை. இந்த ஒரே விஷயத்துக்காகப் பதினொரு கடிதம் எழுதியவர்.

"ஐயா, மாடல் வந்திருக்கே, பாத்தீங்களா?"

"பாத்தேனே! ரொம்ப சந்தோஷம். தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பி வச்சேன்."

"நீங்க வாங்கலையா ஐயா?"

"எனக்கு எதுக்குப்பா? எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அரை மணி நேரத்துல நானே லினக்ஸ் போட்டுடுவேன். போடத் தெரியாத ஜனங்களுக்காகத்தானே இத்தனை வருஷம் எழுதினேன்."

கோரிக்கை நாற்பத்தொரு பேரை அழைத்தார். நாற்பத்தொரு பேரும் நல்லவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரனுக்காகக் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கோ இப்படி ஒரு தியாகம் தன் பெயரில் நடப்பதே தெரியாது. அவன் பாட்டுக்குக் கடையில் நின்று, எது சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்டு, அதை வாங்கிக்கொண்டு போனான்.

ஆறாவது மாதக் கடைசியில் மொத்தம் அறுநூற்று நாற்பது. மேலாளர் கூப்பிட்டார். கத்தவில்லை, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க வாங்கினீங்களா சார்?"

"எனக்கு எதுக்கு மேடம்..." என்று ஆரம்பித்தார் கோரிக்கை. அந்த வாக்கியத்தை நாற்பத்தொரு முறை கேட்டவர் அவர். மேலே சொல்ல முடியாமல் தண்ணீரைக் குடித்தார்.

மேசையைக் காலி செய்கிற அன்று ஓர் அழைப்பு வந்தது. ஒரு தையல்கடைக்காரப் பெண்மணி. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த மாடலில் ஒன்று வாங்கினாராம்.

"அதே மாதிரி இன்னொண்ணு வேணும் சார், என் தங்கச்சிக்கு. தொறந்தா தொறக்குது, மூடினா மூடுது. அதை வாங்கு இதை வாங்குன்னு நச்சரிக்கறதில்ல. கடையில கேட்டா இனிமே வராதுங்கறாங்களே?"

"ஆமாம்மா. நிறுத்திட்டாங்க."

"ஏன் சார்?"

"கேட்டவங்க யாரும் வாங்கலம்மா."

"இது என்ன சார் கூத்து? நான் கேக்கவே இல்லையே. இருந்துச்சு, வாங்கினேன்."

கோரிக்கை அந்தப் பெண்மணி கேட்டதை வழக்கம்போல் எழுதி, தேதி போட்டார். அனுப்புவதற்கு இடம் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் ஒரு புதுக் கணினி இருந்தது. அட்டைப்பெட்டி இன்னும் நாற்காலியில் கிடந்தது. அவருடைய நிறுவனத்துக் கணினிதான். ஆனால் வழக்கமான மென்பொருள் ஏறி வந்தது.

"நேத்து வகுத்தல் சொல்லிக் கொடுக்கறப்போ உங்க பெட்டி திரும்பவும் நின்னு போச்சு" என்றார் மனைவி. "பிள்ளைங்க அவங்கபாட்டுக்குப் பாடத்தை மூடிட்டுப் போயிட்டாங்க. எத்தனை நாள்தான் பாக்கறது? கடைக்குப் போய் உங்க லினக்ஸ் மாடல்தான் கேட்டேன். இனிமே வராதுன்னுட்டான்."

கோரிக்கை நாற்காலியிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார்.

"அதனால என்ன, இதை அழிச்சிட்டு நீங்களே போட்டுக் குடுங்க. எனக்குப் பழகினது அதுதான். உங்களுக்கு அரை மணி நேர வேலைதானே?"

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நிறுவனத்தின் விற்பனைக் கணக்கில், லினக்ஸ் வேண்டாதவர் வாங்கியதாக இன்னொரு கணினி ஏறியிருக்கும். பாடம் ஆறு மணிக்கு. அதற்குள் முடித்துவிடலாம். புதுக் கணினியைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.