தாய்மாமனை விழுங்கிய டிரைவ்

கம்ப்யூட்டர் எதையாவது கேட்டால், என்ன கேட்கிறது என்று வாசிக்காமலே பதில் சொல்கிற ஆள் நான். பதுளையில் ஸ்டுடியோ நடத்துகிறவன் இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனாலும் 'ஸ்கிப்' என்று ஒரு பட்டன் கண்ணில் பட்டால் என் விரல் என்னைக் கேட்காமலே அதை அமுக்கிவிடும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். பெண்ணின் அம்மா ராஜேஸ்வரி. படம், வீடியோ எல்லாம் நான்தான். இப்போது யாரும் சிடி கேட்பதில்லை. எக்ஸ்டர்னல் டிரைவில் போட்டுக் கொடுத்தால் நேரே டிவியில் செருகிப் பார்க்கிறார்கள். அப்போது முதலில் தெரிவது ஃபோல்டர் பெயர். அதனால் நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் இருக்கிற மாதிரியே பட்டம், பதவி எல்லாம் சேர்த்து ஃபோல்டருக்குப் பெயர் வைப்பேன். தன் பெயரை டிவியில் பார்க்கிற சந்தோஷத்தில் அடுத்த கல்யாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ராஜேஸ்வரியின் தம்பி சுப்பிரமணியத்துக்குப் பெரகல சந்தியில் கடை. அவருடைய ஃபோல்டர் பெயர் இப்படி இருந்தது: 'தாய்மாமன் சீர் - பெரகல பிரபல வர்த்தகரும் ஆலய பரிபாலன சபைப் பொருளாளரும் சமூக சேவையாளருமான திரு. சுப்பிரமணியம் தம்பதியினர்'.

டிரைவைக் கொடுத்து ஒரு மாதம் கழித்து ராஜேஸ்வரி என் ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"அண்ணே, எங்க தம்பி படம் ஒண்ணுகூட இல்லையே. நீங்க எடுக்கலையா?"

"எடுக்காம இருப்பேனா தங்கச்சி? சீர்த்தட்டு வந்தப்ப பின்பக்கமாவே நடந்து மேளக்காரர் மேல விழுந்தேனே, மறந்துருச்சா?"

"சிரிக்காதீங்கண்ணே. அவன் குடும்பத்தோட வந்து உக்காந்து பாத்தான். சமையக்காரன் இருக்கான், பந்தல் போட்டவன் இருக்கான். இவன் பேரு பட்டத்தோட வருது, உள்ள போனா ஒண்ணுமில்ல. பேசாம எந்திரிச்சுப் போயிட்டான். நான்தான் வெட்டச் சொன்னேன்னு ஊரு பூரா சொல்றானாம். ஃபோனும் எடுக்கமாட்டேங்கிறான். வர்ற வெள்ளிக்கிழம புதுவீட்டுல பால் காய்ச்சுறான். எங்க லயத்துல அத்தன வீட்டுக்கும் சொல்லியிருக்கான், கூடப்பொறந்த எனக்கு மட்டும் சொல்லல."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். சுப்பிரமணியம் மாலையும் தட்டுமாக ஜம்மென்று நின்றார். அவர் கொண்டுவந்திருந்த டிரைவில் பார்த்தேன். ஃபோல்டர் இருக்கிறது, படம் இல்லை. முதலில் அவர்கள் வீட்டு டிவியைக் குறை சொன்னேன். பிறகு டிரைவைச் சொன்னேன். வைரஸ் தேடினேன், அதுவும் இல்லை. கடைசியில் புது டிரைவ் ஒன்றைச் செருகித் திரும்ப காப்பி பண்ணினேன். பாதியில் ஸ்கிரீனில் ஒரு பெட்டி வந்தது. விரல் தன் வேலையைக் காட்டியது.

"அண்ணே, என்னமோ கேட்டுச்சே?"

"அது சும்மா கேக்கும்."

"சும்மா கேக்குறதுக்கா இம்புட்டுப் பெருசா வருது? என்னன்னு வாசிங்க."

திரும்பவும் காப்பி போட்டு, அந்தப் பெட்டி வந்ததும் முதல் தடவையாக வாசித்தேன். 'போய்ச் சேருகிற இடத்தின் பாதை மிக நீளம்' என்று இருந்தது. டிரைவில் தொடங்கி, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், ஃபைல் பெயர் முடிகிற வரை எல்லாப் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து விண்டோஸ் எண்ணுகிறது. தமிழில் கொம்பும் புள்ளியும்கூடத் தனிக்கணக்கு. அளவு தாண்டினால், அந்த ஃபைலை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டு நம்மிடம் கேட்கிறது. நான்தான் 'எல்லாவற்றுக்கும் ஸ்கிப்' என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்திருக்கிறேன். பட்டம் இல்லாத சமையல்காரர் தப்பித்துவிட்டார்.

ஃபோல்டர் பெயரை அழித்து 'மாமா' என்று அடிக்கப் போனேன்.

"ஐயையோ, பட்டத்த வெட்டாதீங்க! அதுக்கு வேற கோவிச்சுக்குவான்."

"அப்ப எத வெட்டுறது?"

அவர் ஸ்கிரீனில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஃபோல்டரைக் காட்டினார். "இது யாரு பேரு, இவ்வளவு நீளத்துக்கு?"

என்னுடையதுதான். 'ஊவா மக்களின் மனம் கவர்ந்த' என்று தொடங்கி, ஸ்டுடியோ பெயர், நல்வாழ்த்து எல்லாம் சேர்த்து நானே வைத்தது. என் கம்ப்யூட்டரில் அது கிடையாது. டிரைவில் போடும்போது மட்டும் விளம்பரத்துக்காக எல்லாவற்றையும் அதற்குள் வைத்துக் கொடுப்பேன். தாய்மாமனை வெளியே தள்ளியது அதுதான். முழுவதையும் அழித்துவிட்டு 'கல்யாணம்' என்று மட்டும் அடித்து, மறுபடி காப்பி பண்ணினேன். இந்தத் தடவை கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி, தங்கச்சிமாரே, காப்பி முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரைக்கும் கேமரா கார்டை அழிக்காதீர்கள்.

மறுநாள் ராஜேஸ்வரியோடு பஸ் ஏறி பெரகலைக்குப் போனேன். சுப்பிரமணியம் அக்காவைப் பார்க்காத மாதிரி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஸ்டுடியோக்காரரே, இப்பத்தான் எடுத்துட்டு வர்றீங்களா?"

"எல்லாம் அன்னைக்கே எடுத்ததுங்க. காப்பி பண்ணுறப்ப நான்தான் விட்டுட்டேன். அக்கா ஒண்ணும் வெட்டச் சொல்லலீங்க."

கடைக்குள் இருந்த டிவியில் செருகினேன். அவர் ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பருப்பு வாங்க வந்தவரும் நின்று பார்த்தார். கடைசிப் படமும் வந்தது. பிறகு, திரும்பாமலே சொன்னார்:

"அக்கா, வெள்ளிக்கிழம வெள்ளனவே வந்துரு. பால் நீதான் காய்ச்சணும்."

"இத மொதல்லயே என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னடா? மூஞ்சத் தூக்கிட்டுப் போறதுதான் தெரியும் ஒனக்கு!" அழுதுகொண்டே திட்டினார் ராஜேஸ்வரி.

நல்லபடியாக முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். சுப்பிரமணியம் கூப்பிட்டார்.

"எல்லாப் படத்துலயும் நான் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறேன். இதுக்காய்யா எங்க அக்காகூட ஒரு மாசம் பேசாம இருந்தேன்?"