விரல்களுக்குப் போட்ட மதிப்பெண்

என் மனைவி ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவியபடி நகர்வாள். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. விரல் பட்டதும் இறால் பின்பக்கமாகத் துள்ளும். அதற்குள் கை மூடிவிட வேண்டும். நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவள் பிடித்து வருவதைச் சாப்பிட மட்டும் தெரியும்.

போன வருடம் சேற்றில் கிடந்த உடைந்த பாட்டில் அவள் வலது மணிக்கட்டை அறுத்துவிட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்தார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன. நரம்பு மெதுவாகத்தான் வளரும் என்றார் டாக்டர். தட்டிப் பார்த்தால் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்னும். மாதம் போகப் போக அந்தச் சுரீர் உள்ளங்கையைத் தாண்டி விரல் பக்கம் நகர்ந்தது. அப்புறம், கண்ணைக் கட்டிவிட்டுப் பொருள்களைத் தொடவைத்து என்னவென்று கேட்கச் சொன்னார்கள். தவறாகச் சொன்னால் கட்டை அவிழ்த்து, பார்த்துக்கொண்டே மறுபடி தொட வேண்டும். மூளை அப்படித்தான் திரும்பக் கற்குமாம்.

கேட்கும் வேலை என்னுடையது. பித்தானைக் கொடுப்பேன்.

"புளியங்கொட்ட தான?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, பித்தானை டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். அவள் முகம் மலர்ந்துவிடும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் நான் சும்மா மதிப்பெண் போட்டதில்லை. இவளுக்குத் தினமும் போட்டேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் என்னிடம் சொல்லாமல் தன் தங்கையோடு ஏரியில் இறங்கிவிட்டாள். திரும்பி வந்தபோது பறி காலி. ஆள்காட்டி விரலில் ரத்தம்.

"நண்டு புட்ச்சிகினு தொங்குதுய்யா, எனக்குத் தெரியல. தங்கச்சி கூவினப்புறம் தான் பாத்தேன். எல்லாம் சிரிக்கிறாளுங்க. உங்கிட்ட கரெக்டா சொன்னனே, அங்க இன்னா ஆச்சி?"

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் அழவில்லை.

"நான் ஏரில எறங்கணும்யா. உங்கிட்ட பாஸாகி இன்னா பண்ண?" என்றாள்.

நான் வீணாக்கிய மாதங்களை யாரிடம் போய்க் கேட்பது? அவளோ மறுநாளே தங்கையிடம் சொல்லி ஏரிச்சேறும் உயிர் இறாலும் வரவழைத்து, அன்னக்கூடையில் கொட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குச்சியைப் பிடித்து "எறா" என்றாள்.

"தப்பு!"

"இன்னாய்யா, இவ்ளோ சந்தோசமா சொல்ற?"

தினமும் தப்பு என்று சொல்லி, தினமும் திட்டு வாங்கினேன். காயம் படாத இடது கையால் பிடித்துவிட்டு என்னை ஏமாற்றவும் பார்த்தாள். அதையும் விடவில்லை.

போன வாரம் சட்டென்று தோளைக் குலுக்கினாள்.

"தோ, துள்ளுது! கட்டவெரல்ல."

பார்த்தேன். இறாலின் வால் அடித்துக்கொண்டிருந்தது நடுவிரலில். ஒரு கணம் பழைய ஆசை வந்தது.

"தப்பு. நடுவிரல்" என்றேன்.

"எந்த வெரலோ. துள்ளிச்சி இல்ல?"

"துள்ளிச்சி."

கண்கட்டை அவிழ்த்து, நடுவிரலைப் பார்த்துக்கொண்டே மறுபடி சேற்றில் கையை விட்டாள்.