கண்ணாடிப் பெட்டி சனூன் நானா

"விளக்கைச் சுத்தி வட்டம் ஏதும் தெரியுதோ?"

மீன் சந்தையில், பாரை மீனைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கும் பஸ்ரியனிடம்தான் சனூன் நானா இப்படிக் கேட்கிறார். பஸ்ரியனுக்குக் கண்ணாடி தேவையில்லை. அரை மைல் தூரத்தில் வரும் தோணி யாருடையது என்று சொல்லக்கூடிய கண் அவனுக்கு. இவரும் மீன் வாங்கத்தான் வந்தவர். ஆனாலும் கேட்காமல் இருக்க அவரால் முடிவதில்லை.

"என்ன வட்டம் நானா?"

"இரவில விளக்கப் பாக்கேக்க, சுத்திவர வானவில்லு மாதிரி ஒரு வட்டம். தலையிடியும் இருக்கும்."

"தலையிடி இருக்கு. அது உங்களாலதான். மீனை எடுக்கிறீங்களோ, விடுறீங்களோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். சனூன் நானா சிரிப்பதில்லை. பதில் கிடைத்துவிட்டதா என்று பஸ்ரியனின் முகத்தை இன்னும் ஒருதரம் பார்த்துவிட்டே மீனுக்கு விலை பேசுகிறார். மன்னார்ப் பட்டினத்தில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் இல்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரியின் பியோனிடம் கேட்டிருக்கிறார். றெயில்வேக் கேற்காரரிடம் கேட்டிருக்கிறார். கச்சேரியில் பேனை பிடிக்கும் என்னிடம், தலையைக் காணும்போதெல்லாம் கேட்கிறார். ஒருநாள் அலுத்துப்போய், "ஓம் நானா, தெரியுது" என்று விளையாட்டுக்குச் சொல்லிவிட்டேன். மனிதர் என் சைக்கிளைப் பிடித்துத் திருப்பி ஆசுப்பத்திரி வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு நான் அந்த விளையாட்டு விளையாடியதில்லை.

அவருடைய தொழில் கண்ணாடி விற்பது. சைக்கிளின் பின்னால் கயிற்றால் வரிந்து கட்டிய தகரப் பெட்டி. கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து றெயிலில் வரும் சரக்கு அதற்குள் பஞ்சுக்கு நடுவே கிடக்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடிகளே அதிகம். கீழ்த் தட்டில் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கான கறுப்புக் கண்ணாடிகள். உச்சி வெயிலில் உப்புப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கே அதன் அருமை தெரியும். அதற்கும் கீழே, கல்லுடைக்கிறவர்களுக்காக, கண்ணாடியே இல்லாத கண்ணாடி ஒன்று இருக்கிறது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி வலை. சல்லி தெறித்தால் வலையோடு நின்றுவிடும்.

கண்ணாடி வாங்க வருகிறவர்கள் முகத்தை நீட்டுவார்கள். சனூன் நானா கையைக் காட்டச் சொல்லுவார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், விரல் நுனியைத் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

"கண்ணுக்குக் கண்ணாடி குடுக்கிறேல்ல ஐயா. வேலைக்குத்தான் குடுக்கிறது. வலை முடியிறவனுக்கு ஒரு முழம் தெரிஞ்சாப் போதும். அவனுக்குக் கடலக் காட்டினா வலையக் கோட்ட விட்டிடுவான்."

சோதனையும் வேலைக்குத் தக்கபடிதான். வலை முடிகிறவர் முடிச்சைப் போட்டுக் காட்ட வேண்டும். வேதக்கார ஆச்சிமார் செபப் புத்தகத்தை விரிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு பிடி அரிசி. அதில் கல் பொறுக்க வேண்டும். கல்லைப் பொறுக்கியவர்களை எழும்ப விட்டுவிட்டு, மிச்ச அரிசியில் இவர் ஒருதரம் துழாவிப் பார்ப்பார்.

மாந்தைப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர் பாலசிங்கத்தின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. மாட்டு வண்டில் சவாரியில் பைத்தியம் பிடித்தவர். ஓட்டத்தில் முன் வண்டில் கிளப்பும் புழுதி கண்ணில் விழுந்து தோற்றுப் போனேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டும் துரைமார் போடுகிற, தோல் விளிம்பும் இறப்பர் வாரும் வைத்த பெரிய கண்ணாடியைச் சனூன் நானா கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார். சவாரியன்று பாலசிங்கம் அதை மாட்டிக்கொண்டு வண்டிலில் ஏறினார். திரும்பிப் பார்த்த வலது மாடு எசமானை அடையாளம் காணாமல் மிரண்டு, வேலியைப் பாய்ந்து, வண்டிலையும் இழுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் சண்டைக்கு வந்தவரிடம் சனூன் நானா நிதானமாகச் சொன்னார். "வீட்டில ஒரு கிழமை போட்டுக்கொண்டு மாட்டுக்கு வைக்கல் போடுங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் கேக்கேல்ல."

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு திரிந்த மனிதர்தான். வட்டம் தெரிகிறதா என்ற கேள்வி அந்த நாளில் அவரிடம் இல்லை. அது வந்தது எருக்கலம்பிட்டியில் நடந்த ஒரு காரியத்தால். அந்தக் காரியத்தின்போது நானும் பக்கத்தில் இருந்தேன் என்பதால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

சக்கரவர்த்தியின் வெள்ளிவிழாவுக்குக் கச்சேரியில் தோரணம் கட்டினோமே, அதற்கு முந்திய வருடம். எருக்கலம்பிட்டியில் சித்தி மரியம் என்ற அம்மாவின் மகள் ஸுஹறாவுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். பெண் அந்திப்பட்டால் படியில் தடுக்குகிறாள், கண் சரியில்லை என்று யாரோ மாப்பிள்ளை வீட்டின் காதில் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மறைத்துப் பேசத் தெரியாதவர்கள். சனூன் நானா பார்க்கட்டும், கண்ணில் குறை இல்லையென்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குப் போதும் என்று நேரே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த ஊரில் பாய் வாங்கும் வேலை இருந்தது. இருவருமாகச் சைக்கிளில் போனோம்.

கலியாணமாகாத குமர்ப்பிள்ளை அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. கண் திரைக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்காரர் இந்தப் பக்கம். இதற்கென்று சனூன் நானா வெகுகாலமாக ஒரு முறை வைத்திருந்தார். ஒரு பித்தளைத் தட்டில் ஊசியும் வெள்ளை நூலும் வைத்துத் திரைக்குக் கீழால் தள்ளுவார். ஊசி கோத்து வந்தால் கண் நல்ல கண். கோக்காமல் வந்தால், தட்டில் கண்ணாடிகளை ஒன்று மாற்றி ஒன்றாக வைத்து உள்ளே அனுப்புவார். எதைப் போட்டுக்கொண்டு ஊசி கோத்து வருகிறதோ, அந்தக் கண்ணாடி அந்தக் கண்ணுக்கு. அந்தப் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பெண்களுக்கு முகம் பார்க்காமலே இவர் கண்ணாடி கொடுத்திருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கும் தட்டு உள்ளே போயிற்று. வளையல் சத்தம் கேட்டது. யாரோ குசுகுசுத்தார்கள். தட்டு திரும்பி வந்தபோது ஊசி கோத்திருந்தது. நூலின் நுனி சற்றே சிவந்திருந்ததை நானும் பார்த்தேன். சாயம் ஒட்டிய நூலாக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். சனூன் நானா அந்த ஊசியைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன நானா, சரிதானே?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து தாயின் குரல்.

"சரிதான்" என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய், "கண்ணில குறை ஒண்டும் இல்ல" என்று சொன்னதும் அவரேதான். திரும்பும் வழியெல்லாம் அவர் சைக்கிளை எனக்குப் பின்னாலேயே விட்டுக்கொண்டு வந்தார். வியாபாரம் நடக்காத கவலை என்று நினைத்துக்கொண்டேன். கலியாணம் சிறப்பாக நடந்தது. ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் சகன் சாப்பாட்டில் எனக்கும் ஓர் இடம் வைத்திருந்தார்கள். சனூன் நானா வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஸுஹறாவுக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பார்வை மங்கத் தொடங்கியது. மாப்பிள்ளை தங்கமானவர். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் றெயிலேற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கண் டாக்குத்தரிடம் காட்டினார். கண்ணுக்குள்ளே நீர் அழுத்தம் கூடி நரம்பை நசுக்கிவிட்டது, இது வெகுநாளாக இருந்திருக்கிறது என்றார் டாக்குத்தர். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்ததா, தலையிடி இருந்ததா என்று கேட்டாராம். கலியாணத்துக்கு முன்பே இருந்தது என்று அவள் சொன்னாளாம். அப்போதே கொண்டு வந்திருந்தால் கத்தி வைத்து நிறுத்தியிருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார். இப்போது அவளுக்குச் சன்னல் எது, சுவர் எது என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. பிறந்தது ஆண் பிள்ளை. அதன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இந்தச் செய்தி பட்டினத்துக்கு வந்தபோது எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் போய் வெறும் வருத்தமாகிவிட்டது. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் அவள் வாழ வேண்டும் என்றுதான் நினைத்தார்கள்.

சனூன் நானா அந்தப் பித்தளைத் தட்டைப் பிறகு எங்கும் கொண்டுபோகவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கேட்டால், "முகத்தப் பாக்காமப் பெட்டியத் திறக்கமாட்டன்" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பிவிடுவார். சில வீடுகளில் அவரை மரியாதை தெரியாதவர் என்று ஏசினார்கள்.

போன மாதம் சித்தி மரியத்திடமிருந்து ஆள் வந்தது. வெளிச்சம் பட்டால் மகளுக்குக் கண் கூசி நோகிறதாம், கறுப்புக் கண்ணாடி ஒன்று வேண்டுமாம். சனூன் நானா கச்சேரி வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நீங்களும் வாங்கோ. தனியப் போக எனக்கு ஏலாது."

போனோம். திரை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டியிருந்தது. முக்காடு போட்டபடி ஸுஹறா கதிரையில் இருந்தாள். சின்ன முகம். தாய் பிள்ளையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முகத்தப் பாத்தே குடுங்கோ நானா" என்றார் தாய். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பிள்ளையை மறுபடி ஆட்டத் தொடங்கினார்.

சனூன் நானா பார்த்தார். முன்பு சோதிக்கப் போயும் அவர் பார்க்காத கண்கள். அவை எங்களுக்கு இடையில் எதையோ பார்ப்பது போல இருந்தன. பெட்டியைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னென்ன இருக்கு சாச்சா?"

"வட்டமானது இருக்கு மகள். ஆமையோட்டு விளிம்பு இருக்கு. பச்சைக் கண்ணாடி இருக்கு. புகை நிறம் இருக்கு."

ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்தார். அவள் விளிம்பைத் தடவினாள், காதில் மாட்டினாள், கழற்றினாள். ஆமையோட்டைத் தொட்டுப் பார்த்து, "இது கிழவிகள் போடுறதாக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளும் சிரித்தாள். பிறகு, "வடிவு இருக்கட்டும். பிள்ளை இழுத்துப் போடுறான். கழண்டு விழாததா ஒண்டு தாங்கோ" என்றாள். காதைச் சுற்றி வளைந்து பிடிக்கும் கம்பி வைத்த புகைநிறக் கண்ணாடியை அவர் கொடுத்தார். மாட்டிப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நின்றது.

அதைக் கழற்றி அவரிடம் நீட்டியபடியே கேட்டாள். "அண்டைக்கு ஊசி கோத்தது உம்மா எண்டு உங்களுக்குத் தெரியும், என்ன சாச்சா?"

பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்த தாயின் மடி நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த நூலின் நுனி விளங்கியது. ஊசி கோக்கிறவர்கள் நூலை வாயில் வைத்து நனைத்துக் கூராக்குவார்கள். குமர்ப்பிள்ளை வெற்றிலை போடுவதில்லை. சித்தி மரியத்தின் வாய் எந்நேரமும் சிவந்தே இருக்கும்.

இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், சொல்லட்டும் என்றும் விரும்பினேன்.

"ஓம் மகள்" என்றார் சனூன் நானா. "தெரியும்."

"ஏன் சொல்லேல்ல?"

"உன்ர கலியாணம் குழம்பிப் போயிடும் எண்டு பயந்தனான்."

ஸுஹறா தலையாட்டினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அந்த மனிதருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"ஓம்" என்றாள். "நானும் அதுக்குத்தான் சொல்லேல்ல."

தாய் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். ஸுஹறா கண்ணாடிக்காகக் கையை நீட்டினாள்.

சனூன் நானா உடனே கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, கண்ணாடியில் வாயால் ஆவி ஊதித் துடைத்தார். வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். எங்கோ ஒரு சின்னப் பொட்டு இருந்திருக்க வேண்டும். மறுபடி ஊதினார், மறுபடி துடைத்தார், மறுபடி தூக்கிப் பார்த்தார். அவள் கை நீட்டியபடியே இருந்தது.