வெயிட் என்றால் எதுவரைக்கும்?

அப்புத்தளையில் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். பக்கத்தில் பூனாகலைத் தோட்டத்து அக்கா ஒருவர். போனை நீட்டினார்.

"இத கொஞ்சம் வாசிங்க தங்கச்சி. நாங்க குடியிருக்குற லயத்துக்குப் பின்னால மண்மேடு வெடிச்சு, சரியுற மாதிரி நிக்குதுன்னு தோட்டத்து ஆபீசுக்குப் போட்டோ அனுப்புனேன். இங்கிலீஷ்ல பதில் வந்துருக்கு."

ஒரே வரிதான்.

"வெயிட் பண்ணச் சொல்லியிருக்காங்க அக்கா."

"எதுவரைக்குங்க?"

அது அந்த வரியில் இல்லை. சும்மா இருக்க முடியாமல் என் போனில் இருந்த அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். 'ஏதாவது நடக்கும்வரை இருந்த இடத்திலேயே இருத்தல்.' சத்தமாக வாசித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"ஏதாவது நடக்குற வரைக்குமா?"

அக்கா உடனே மகளுக்குப் போன் எடுத்தார். "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இப்பவே கோயிலுக்குப் போயிரு."

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழையும் விடவில்லை.

அந்த ஆபீசில் எந்த அகராதி வைத்திருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீக்கிரம்.