அப்பீலைத் தடுக்க நான் எடுத்த மட்டை

அப்பீல் போட்டாலே ஆளை வெளியே விட்டுவிடுவார்கள் என்று நம்பிய அறிவாளி நான்.

விவாகரத்துக்குப் பிறகும் மேற்கு மாம்பலம் வீட்டுக்குள் புகுந்து, என் தங்கையின் தலையைச் சுவரில் இடித்து, அவளைப் பாலியல் வன்கொடுமை செய்த முன்னாள் கணவனுக்குப் பத்தாண்டு சிறை. அவன் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும், கிரிக்கெட் மட்டையோடு தங்கை வீட்டுக்குக் காவலுக்குப் போனேன். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினேன். தண்ணீர் கேன் பிளந்தது.

“இன்னா சார், கேன் போட வந்தா மண்டையப் பொளக்கப் பாக்குற?”

தங்கை மட்டையைப் பிடுங்கினாள். “அண்ணா, அவன் ஜெயில்ல இருந்துக்கிட்டேதான் அப்பீல் போட்டிருக்கான். வெளிய விட்டிருக்கறது உன்னைத்தான்!”

இப்போதெல்லாம் மட்டையைத் தொடுமுன் வக்கீலிடம் கேட்கிறேன்.

அப்பீல் தள்ளுபடியானது. பத்தாண்டுத் தண்டனை அப்படியே நிற்கிறது. அவன் சிறையில்தான் இருக்கிறான்.