ஜன்னல் மேசையும் துருப்பிடித்த காரும்

பெரியதைச் சின்னதாகச் செய்து கொடுக்கும் தொழிலில், அளவு குறைவது மட்டும் போதாது. அழுக்கும் குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

ராயபுரத்தில் ஒரு மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. கப்பல் கம்பெனிகளுக்குக் கப்பல், தொழிற்சாலைகளுக்குத் தொழிற்சாலை, எண்ணெய்க் கம்பெனிகளுக்கு டாங்க். எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கும் அளவு. இரண்டாயிரமாம் ஆண்டுக்கு முன்னும் பின்னுமாக ஆறேழு வருடம் அங்கே பெயின்ட் அடித்தேன். கையால் ஒன்றைச் செய்து, அடுத்தவர் கண்ணுக்கு ஏற்ப அதைத் திருத்திப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால், தனியாக இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

புல்

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மாடல். அளவெடுக்க நானே போனேன். புகைபோக்கியின் வாய் கறுத்திருந்தது. கொட்டகைத் தகரத்தின் கீழ்விளிம்பு முழுக்கச் செம்பழுப்பு. தரையில் சாம்பல். பார்த்ததைப் பார்த்தபடி செய்தேன். புகைபோக்கியின் வாயில் கரி பிடித்த நிறம் வர மூன்று நாள் ஆனது.

மேலாளர் வந்து பார்த்தார். புகைபோக்கிக்கு வெள்ளை, கொட்டகைக்கு நீலம், சுற்றிலும் புல்வெளி என்றார். அங்கே நான் ஒரு புல்லைக்கூடப் பார்க்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "எங்க ஃபேக்டரியில புல்லு இல்லைன்னு எனக்கும் தெரியும் தம்பி. அதனாலதான் மாடல்ல கேக்கறேன்" என்றார்.

பெட்டி மேல் படம்

அந்த வாரமே பர்மா பஜாரில் ஒரு கிழிந்த பெட்டி கிடைத்தது. உள்ளே பிளாஸ்டிக் கார், துண்டு துண்டாக. அமெரிக்காவில் பையன்கள் முப்பதுகளின் பழைய காரை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையை வெட்டித் தாழ்த்தி, அதில் அடங்காத பெரிய இன்ஜினைப் பொருத்தி ஓட்டுவார்களாம். ஹாட் ராட் என்று பெயர். பெட்டி மேலிருந்த படத்தில் கார் சிவப்பாக மின்னியது. அதை வயலில் ஐம்பது வருடம் மழையில் கிடந்த காராகச் செய்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பட்டறையில் ஜன்னலோரம் ஒரு மேசை உண்டு. பழுப்பில் எத்தனை பழுப்பு என்று பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். துருப்பிடித்த காரைச் செய்ய அந்த மேசையைக் கேட்டேன். முதலாளி அண்ணாச்சிக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். எதையும் உடனே மறுக்க மாட்டார், நிபந்தனை போடுவார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தீபாவளிக்குள்ள எவனாவது வந்து இதைத் துருவோட இப்படியே வேணும்னு கேட்டாம்னா மேசை ஒனக்கு. இல்லேன்னா அதுல கப்பல் ஏறும். அப்புறம் துரு கிருன்னு எங்கிட்ட வாயைத் திறக்கப்படாது டே" என்றார்.

வியர்த்த உப்பு

துருவுக்கு ஒரு வழியை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். முதலில் துரு நிறம் அடிக்க வேண்டும். அதை லேசாக நனைத்து உப்பைத் தூவி, காய்ந்ததும் மேலே காரின் நிறத்தை அடிக்க வேண்டும். பிறகு உப்பைச் சுரண்டினால் அங்கங்கே பெயின்ட் உரிந்து, அடியில் துரு தெரியும். பத்திரிகைக்காரர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாரோ, அங்கே கடல் இல்லை. காசிமேட்டுக் காற்றில் உப்பு பெயின்டுக்கு முன்னால் வியர்த்தது. கார் முழுக்கக் கண்ணீர் வழிந்த மாதிரி கோடுகள். இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் அழுதது கார்தான், நான் இல்லை.

முனியம்மா அக்கா பட்டறையைப் பெருக்குவார். மீதி நேரத்தில் மாடல்களுக்கு மரம் ஒட்டுவார். எண்ணூரில் இல்லாத அந்தப் புல்லும் அவர் கைவேலைதான். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "காத்துல உப்பு, கையில உப்பு, உனுக்கு இது மேல வேற உப்பா? வாணல்ல போட்டு வறுத்துட்டுத் தூவு நைனா, அப்பால பாரு." வறுத்துத் தூவினேன். நின்றது.

தாஸின் சீட்

பிளைவுட் பலகை கொண்டுவருகிற தாஸ், மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைத் தானே பொருத்தி ஓட்டுகிறவர். அவர் வண்டி வருவது இரண்டு தெரு தள்ளியே கேட்கும். ஹாட் ராட் என்றால் என்ன என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "நாங்க பண்ணா கேசு, அவன் பண்ணா இஷ்டைலு" என்றார்.

முடிந்த காரைப் பெருமையோடு அவர் கையில் கொடுத்தேன். விளக்கு, பானெட், சீட்டு, கதவு என்று ஒரு இடம் விடாமல் துரு வைத்திருந்தேன். தாஸ் அதைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பாராட்டைக் கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தேவையும் வரவில்லை. "எல்லாம் ஷோக்கா கீது சார். ஆனா குந்துற எடத்துல துரு புடிக்காது. பேன்ட்டு தேச்சிகினே இருக்கும்ல?"

சரிதான் என்று தெரிந்தது. ஆனாலும் மாற்றவில்லை. பலகை சுமக்கிறவர் சொல்லி நான் திருத்துவதா என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

சுண்டைக்காய்

அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் அவர் செலவு. அன்று காலை பெயின்டைக் கரைக்கிற தின்னர் வாங்க மண்ணடி போய்த் திரும்பினேன். கம்ப்ரஸருக்குச் சந்தனம், ரம்பங்களுக்குக் குங்குமம், எல்லாம் வரிசையாக இருந்தன. வரிசையின் நடுவில் என் கார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருந்தார் முனியம்மா அக்கா. இரண்டு மாதத் துருவில் ஒரு பொட்டு மிச்சமில்லை. பானெட்டில் பொட்டு இருந்தது, குங்குமத்தில்.

எலுமிச்சம்பழம் காரைவிட உயரமாகப் போய்விட்டதால், நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு சுண்டைக்காய் வைத்திருந்தார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். எல்லோரும் கற்பூரத்தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி என்னுடையது, நான்தான் தள்ள வேண்டும். விரலால் தள்ளினேன். சுண்டைக்காய் நசுங்கவில்லை, சக்கரம்தான் கழன்றது.

பிறகு கேட்டேன், துருவை ஏன் எடுத்தீர்கள் என்று. அக்கா வருத்தப்படவே இல்லை. "வருசம் பூரா கலீஜா வெச்சிக்கோ, யாரு கேட்டா? இன்னிக்கி ஒரு நாளு அது குளிச்சிட்டுத்தான் சாமி முன்னாடி நிக்கணும்."

வேகன்

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. இந்த முறை பத்திரிகையை எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ரயில்வே யார்டு வேலியோரம் போய் நின்று வேகன்களைப் பார்த்தேன். துரு எல்லா இடத்திலும் இருக்காது. தண்ணீர் நிற்கும் மடிப்பில் தொடங்கும். ஆணியின் கீழே ஒழுகும். மனிதன் கை வைத்து ஏறும் கம்பி மட்டும் வெள்ளி மாதிரி இருக்கும். தாஸ் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள, என் கார் ஒரு முறை குளிக்க வேண்டியிருந்தது.

வேலியோரம் தினம் நின்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தவனை ஒரு காவலர் கூப்பிட்டார். துருவைப் பார்க்கிறேன் என்றேன். நோட்டை வாங்கி நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "திருட வந்தேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்யா. கெளம்பு."

சிவப்பு

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கார் முடிந்தது. இருக்கையில் தேய்ந்த பளபளப்பு; கதவின் அடிமடிப்பில் மட்டும் துரு; கைப்பிடியைச் சுற்றி யாரோ தினமும் தொட்ட தடம். மறுநாள் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கும் ஒருவர் வேறு வேலையாக வந்து, நேராக ஜன்னல் மேசைக்குப் போனார். குனிந்து பார்த்தார். என்ன விலையானாலும் வேண்டும் என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மேசை என் கையில் ஏறக்குறைய வந்துவிட்டது.

பையன் பிறந்தநாளுக்கு என்றார் அவர். சிவப்பு அடித்து, நல்லா மின்னுகிற மாதிரி செய்துவிடுங்கள், சாயங்காலம் ஆள் அனுப்புகிறேன் என்றார். நான் முடியாது என்றேன். புதிதாக வேறு கார் செய்து சிவப்பு அடித்துத் தருகிறேன், இதில் கை வைக்க மாட்டேன் என்றேன். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். மறுபடியும் முடியாது என்றேன். வந்தவர் படியிறங்கும்போது அண்ணாச்சியிடம் கேட்டது எனக்கும் கேட்டது. "நான் கேக்குறதைச் செய்ய மாட்டான்னா, இதுக்குப் பேரு கடையா, கோயிலா?"

கோடு

அண்ணாச்சி வாக்கு மாறாதவர். தீபாவளி முடிந்து வந்தபோது ஜன்னல் மேசையில் கப்பல் ஏறியிருந்தது. நிலக்கரி ஏற்றிவரும் நீளமான கப்பல், இரண்டடி. என் காரைக் கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த பலகையில் வைத்திருந்தார்கள். துருவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது நிபந்தனை. நான் பேசவில்லை. மூன்று வாரம் வாயைத் திறக்காமல் அந்தக் கப்பலுக்கு வெள்ளையும் சிவப்பும் கறுப்பும் அடித்தேன். கம்பெனி கொடுத்த போட்டோவில், நங்கூரச் சங்கிலி வெளிவரும் துளைக்குக் கீழே ஒரு துருக்கோடு ஒழுகியிருந்தது. கடைசி நாள், எல்லாம் முடிந்த பிறகு, ஒற்றை முடிப் பிரஷ்ஷில் அந்தக் கோட்டை இழுத்தேன். அரை அங்குலம். பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, வேலை போனால் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கப்பலை எடுத்துப்போகக் கம்பெனி அலுவலர் ஒருவரும், அந்தக் கப்பலில் இருந்த கேப்டனும் வந்தார்கள். அலுவலர்தான் முதலில் பார்த்தார். அழுக்கு என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தின்னர் போட்டு ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறேன் என்று அலுவலரிடம் சொல்லிவிட்டு, டப்பாவை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

கேப்டன் கப்பலருகே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கிக் கப்பலின் மூக்குக்கு நேரே உட்கார்ந்தார். "எத்தனை தடவை பெயின்ட் அடிச்சாலும் ஒரு மழைக்கு அந்தக் கோடு வந்துடும் சார். அது இல்லாம இருந்தா இதை என் கப்பல்னே சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அலுவலர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கப்பல் இறங்கிப் போனது. மேசை காலியாக நின்றது. அண்ணாச்சி தின்னர் டப்பாவை மூடினார். தொட்டிக்கு மேலிருந்த காரை அவரே எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்தார். சிரிக்கவில்லை. "அந்தாளு இப்படியே வேணும்னு கேட்டது ஒரு கோடு. அடுத்த கப்பல்ல ரெண்டு இழுத்தே, மேசையோட சேர்த்து ஒன்னையும் கீழ எறக்கிருவேன், பாத்துக்க டே."

மின்னுகிற பொருளையும் நான் இன்றுவரை செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஒரே வித்தியாசம், துருவுக்கு இப்போது காரணம் சொல்வதில்லை, மினுமினுப்புக்குத்தான் காரணம் கேட்கிறேன்.